உளுந்தங்களி தின்ற குதிரை

நம்ம செட்டில் பாதிப் பேருக்கு இப்போதெல்லாம் சாயங்காலமானால் கால் வீங்குகிறது. போன மாதம் பள்ளிக்கூடக் குரூப்பில் ஒருத்தி தன் கணுக்காலைப் படம் பிடித்துப் போட்டாள். உடனே ஒவ்வொருத்தியாக வந்து அவரவர் காலையும் போட்டுவிட்டார்கள். ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வந்தவளின் கால் உட்பட எல்லாம் அவித்த கொழுக்கட்டை மாதிரி இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வினை. பிறகு வைத்தியம் தொடங்கியது. நொச்சி இலை போட்டு வேது பிடி என்றாள் ஒருத்தி. காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துப் படு என்றாள் இன்னொருத்தி. உளுந்து சேர்த்துக்கொள் என்றாள் வேறொருத்தி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த மூன்று வைத்தியத்தையும் ஒரு குதிரைக்குச் செய்து பார்த்த வீட்டுப் பிள்ளை நான். என்ன நடந்தது என்று சொல்கிறேன், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே கேளுங்கள்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அருமனையிலிருந்து மேலே ஏறினால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பாவின் குடும்பம், எங்கள் எல்லாருக்கும் மேலே அப்பாவின் அக்காவான அத்தை. புருஷன் செத்த பிறகு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். வந்த அன்றே அடுக்களைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். பேறுகாலம் பார்ப்பதில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் தேவாலயச் சபையில் பாதிப் பெண்கள் பிள்ளை பெற்ற பிறகு அவள் கையால் எழுந்தவர்கள். எழுந்தவர்கள் என்று சொல்வது தப்பு, அவள் யாரையும் லேசில் எழும்ப விட்டதில்லை. நாற்பத்தொரு நாள் கழியாமல் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. காலையில் நொச்சி இலை போட்டுக் கொதித்த தண்ணீரில் குளியல். வயிற்றில் பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கி ஒரு கட்டு. மத்தியானம் பூண்டுக் குழம்பு. சாயங்காலம் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி. தீனியும் கிடப்பும் இருந்தால் ஆறாத சீக்கு இல்லை என்பது அவள் கட்சி.

சித்தி இரண்டாவது பிரசவத்துக்குக் காத்திருந்தாள். அவளுக்குத் தாய் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே அத்தை பார்ப்பதாக ஏற்பாடு. அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா சவுதியிலிருந்து வந்து இறங்கினார்.

சித்தப்பாவின் மூத்தவளுக்கு அப்போது நான்கு வயது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர், இடையில் ஒரே ஒரு முறை, போன மாசியில் பத்து நாள் லீவில் வந்து போனது அவள் நினைவில் நிற்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது முன்னறையில் ஸ்டூலின்மேல் துணி போர்த்தி வைத்திருந்த போன். வெள்ளிக்கிழமை மணி அடித்தால் “அப்பா அடிக்குது” என்று ஓடுவாள். பேசி முடித்ததும் துணியைப் போர்த்தி, போனைத் தட்டிக் கொடுத்துத் தூங்க வைப்பாள். நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். சித்தப்பா ஜீப்பிலிருந்து இறங்கி அவளைத் தூக்கப் போனபோது அவள் ஸ்டூலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இந்த மாமன் யார் என்று கேட்டாள். சித்தப்பாவும் சிரித்தார். அன்றைக்கு அவருக்கென்று வைத்திருந்த மீன்கறியைத் தொடவில்லை.

மறுநாளே இனி சவுதிக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீடு இரண்டுபட்டது. சித்தியின் அண்ணன், சித்தப்பாவுக்கு அளியன், அங்கேதான் இருந்தார். விசா எல்லாம் அவர் பொறுப்பு. இங்கே என்ன தொழில் இருக்கிறது, ரப்பர் வெட்டப் போறியா என்று போனில் கேட்டார். சித்தப்பா யோசித்துவிட்டுக் குதிரை என்றார்.

எங்கள் பக்கத்தில் யானை உண்டு. திருவிழாவுக்கு வரும், பிள்ளைகள் அடியில் நுழைந்து வெளியே வருவோம், பழக்கம். குதிரையை யாரும் கிட்டத்தில் பார்த்ததில்லை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றிக் கொண்டுவரும் பகட்டு அப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது, அதற்குக் குதிரை மதுரைப் பக்கத்திலிருந்து வர வேண்டியிருந்தது. உள்ளூரில் ஒன்று நின்றால் கூப்பிடாமல் இருப்பார்களா என்பது சித்தப்பாவின் கணக்கு. குதிரையைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அப்பா கேட்டார். ஷேக்கின் குதிரை லாயத்தில் எத்தனை வருஷம் நின்றேன் என்று சித்தப்பா நெஞ்சை நிமிர்த்தினார். லாயத்தில் நின்றது உண்மை. ஏ.சி.யைக் கழுவி மாட்டுகிற வேலை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

லாயத்துக் கதைகளை எனக்கும் மூத்தவளுக்கும் சொல்வார். அவள் போனைப் பிடித்தபடி கேட்பாள். அங்கே குதிரைகளுக்குக் குடைராட்டினமே உண்டாம். பெரிய வட்டக் கூண்டு, மேலே மோட்டார். காலையில் குதிரைகளை உள்ளே விட்டுச் சுவிட்சைப் போட்டால் கம்பி சுற்றும், அதற்குள் குதிரைகளும் சுற்றிச் சுற்றி நடக்கும். எதற்கு என்று கேட்டேன். “வேற எதுக்கு மக்கா, பணம் கூடிப்போனா குதிரைக்கும் ராட்டினம்” என்றார். எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு லேசாகத் தாண்டிப் போனோம் பாருங்கள்.

குதிரை மினி லாரியில் வந்தது. வெள்ளைப் பெண் குதிரை, வயது போனதுதான், ஆனால் கண்ணில் மை எழுதினதுபோல் ஒரு லட்சணம். கல்யாணங்களில் நடந்து பழகினது என்றார் விற்றவர். இறக்கும்போது அது நகரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே லாரிப் பலகையில் இரண்டு கையாலும் தாளம் போட்டார், அது மணப்பெண்போல் இறங்கி வந்து நின்றது. அந்த ஆளுக்கு நல்ல கலகலப்பு என்று அம்மா சொன்னாள். அவர் டீ குடித்துவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

குதிரை வந்த மூன்றாம் நாள் சித்திக்கு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அதோடு மழையும் பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை எங்கள் பக்கத்தில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், கோதையாறு பெருகித் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குதிரையைச் சேற்றில் இறக்க வேண்டாம் என்று கார் ஷெட்டில் கட்டினார்கள். கார் இல்லாத கார் ஷெட். சித்தப்பா அதற்கு ஒரு மேசை விசிறி வாங்கி வைத்தார். குதிரை கொள்ளு தின்றது, தவிடு தின்றது, விசிறிக் காற்றில் நின்றது, பின்னும் நின்றது.

கொஞ்ச நாளில் அதன் கால்கள் வீங்கின. முதலில் பின்னங்கால், அப்புறம் முன்னங்கால். கணுவுக்கு மேலே எலும்பும் நரம்பும் தெரிய ஒடுங்கியிருந்த இடமெல்லாம் மூடி, நான்கு கால்களும் குலைவாழை மாதிரி மேலும் கீழும் ஒரே பருமனாக ஆகிவிட்டன. சித்தப்பா ஷெட்டுக்கு வெளியே தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கிறிஸ்மஸ் ராலி வரப்போகிறது. எங்கள் சபை வாலிபர்கள் வருஷா வருஷம் நடத்துவது, சுற்றுவட்டாரமே ரோட்டோரம் நிற்கும். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் ஒருவராகச் சித்தப்பா குதிரைமேல் வருவதாகப் பேச்சு. அளியனிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார்: ராலியில் குதிரை நடந்து நாலு பேர் பார்த்துத் தொழில் ஓடும் என்று பட்டால் இங்கே நிற்பேன், இல்லையென்றால் புது வருஷம் கழிந்ததும் பிளேன் ஏறுவேன். டிக்கெட்டை அளியன் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். சித்தி கட்டிலில் கிடந்தபடி தினமும் குதிரைக்குக் கால் எப்படி என்று என்னிடம் கேட்பாள். அவள் குரலில் இருந்தது குதிரைக் கவலை இல்லை என்று எனக்கே தெரிந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் குனிந்து காலைப் பெருவிரலால் அழுத்தினார், குழி விழுந்து அப்படியே நின்றது. தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை, புண் இல்லை, நொண்டல் இல்லை, நான்கும் ஒரே மாதிரி. நின்று நின்று நீர் இறங்கியிருக்கிறது என்றார். காலையும் மாலையும் நடத்துங்கள், கொள்ளுத் தீனியைக் குறைத்து வைக்கோலும் புல்லும் போடுங்கள், காலில் பச்சைத் தண்ணீர் அடியுங்கள். சூடு கண்டாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பைக்கில் போனார்.

சரியான வைத்தியம். நாங்கள் செய்யாமலும் இல்லை. அவர் தலை மறைந்ததும் சித்தப்பா கயிற்றைப் பிடித்து இழுத்தார். குதிரை நகரவில்லை. அப்பா பின்னால் நின்று தள்ளினார். நான் கேரட்டைக் காட்டினேன். அது கழுத்தை நீட்டிக் கேரட்டைத் தின்றுவிட்டு நின்றது. இதையெல்லாம் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை இறங்கி வந்தாள்.

“ஏலே, கயிற விடு. வீங்கின காலோட பொம்பளய நடத்துவினுமா? ஆம்பிள டாக்டருக்கு என்ன தெரியும். அதுக்கு நோவுது, அதான் நிக்குது. இனி நான் பாத்துக்குவேன்.”

அப்படியாக எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேறுகாலம் நடந்தது. காலையில் அடுப்பில் இரண்டு அண்டா. ஒன்று சித்திக்கு, ஒன்று குதிரைக்கு. நொச்சி இலை பறிக்கப் போய் எங்கள் வேலியும் பக்கத்து வீட்டு வேலியும் மொட்டையாகிவிட்டன. வெந்நீரில் துணி முக்கி அத்தை குதிரையின் காலில் ஒத்தடம் கொடுப்பாள். குதிரை கண்ணைச் சொக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் பழைய வேட்டிகளைக் கிழித்து நான்கு காலிலும் கட்டு. வெள்ளைச் சாக்ஸ் போட்ட கான்வென்ட் பிள்ளை மாதிரி அது ஷெட்டில் நின்றது. சாயங்காலம் உளுந்தங்களி. சித்திக்குத் தட்டத்தில், குதிரைக்கு அலுமினியச் சருவத்தில், கருப்பட்டி இரட்டிப்பாக. சித்தி பாதிக்கு மேல் தின்னமாட்டாள். குதிரை சருவத்தை நக்கித் தள்ளிவிட்டு அத்தையின் தோளில் தாடையை வைக்கும். “பாத்தியா, இதுக்கு உள்ள நன்றி மனுஷருக்கு இல்ல” என்பாள் அத்தை, சித்தியின் அறைப் பக்கமாகத் திரும்பி.

கால் இன்னும் வீங்கியது. வீங்க வீங்க அத்தை களியைக் கூட்டினாள். கால் தூக்கி வைக்க வழியில்லையே என்று அவளுக்கு ஒரே ஆதங்கம். தரையில் மணலைக் குவித்து அதன்மேல் பின்னங்காலை ஏற்றி நிறுத்திப் பார்த்தாள், குதிரை மணலில் படுத்து உருண்டது. ஊரில் ஆள் ஆளுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். குதிரைக்கு யானைக்கால் வந்துவிட்டது என்று சந்தையில் பேச்சாம், சுகாதாரத்துறைக்காரர்கள் மாத்திரை கொடுக்க வருவார்களா என்று ஒருவர் அப்பாவிடம் விசாரித்தார். சித்தப்பா சவுதிப் பெட்டியை அலமாரிமேலிருந்து இறக்கித் தூசி தட்டினார். மூத்தவள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இந்த மாமன் எப்போது போகும் என்று கேட்டாள்.

இந்த நேரத்தில்தான் மேட்டுத்தெருவில் இருந்த பழைய தலைமையாசிரியர் இறந்துபோனார். தொண்ணூறைத் தாண்டிய கிழவர், நல்ல சாவு. பிள்ளைகள் குவைத்திலிருந்து வந்து சேர்ந்து, மழை விட்ட ஒரு மத்தியானம் பாண்டு செட் வைத்து எடுத்தார்கள். ஊர்வலம் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். நாங்கள் எல்லாரும் கேட்டில் வந்து நின்றோம். அத்தை தலையில் முக்காடு போட்டு நின்றாள், கையில் குதிரைக்கு வைக்க எடுத்த களிச் சருவமும் கரண்டியும்.

பெரிய டிரம் முதல் அடி அடித்ததும் ஷெட்டுக்குள் குதிரையின் காது நிமிர்ந்தது. நான் பார்த்தேன். அடுத்த அடியில் அது ஒரு முறை சிலிர்த்தது. பாண்டு செட் கேட்டுக்கு நேரே வந்தபோது, இத்தனை நாள் ஒரு அடி நகராத அந்தக் குதிரை, கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் விலக்கி வெளியே போய், பாண்டு செட்டுக்குப் பின்னால், சவ வண்டிக்கு முன்னால், தனக்கென்று விட்டு வைத்த இடம்போல நுழைந்து நடக்கத் தொடங்கியது. தலை நிமிர்ந்து, தாளத்துக்குத் தப்பாமல். நான்கு காலிலும் அத்தையின் கட்டு அவிழ்ந்து வெள்ளை வேட்டி பின்னால் இழுபட்டு வந்தது.

சாவு ஊர்வலத்தில் கத்த முடியுமா? பிடி பிடி என்று சொல்ல முடியுமா? சித்தப்பா ஓடிப்போய் அறுந்த கயிற்றைப் பிடித்தார். இழுத்தால் மரியாதை இல்லை. அதனால் தலையைக் குனிந்துகொண்டு கூடவே நடந்தார். இடுப்பில் லுங்கி, தோளில் துவர்த்து, மேலே சட்டை இல்லை. அம்மா என் கையில் ஒரு சட்டையைத் திணித்து ஓடச் சொன்னாள். நான் சவ வண்டியைச் சுற்றிப் போய், கூட்டத்தில் நுழைந்து, சபையே பார்த்துக்கொண்டிருக்க அவருக்குச் சட்டையை நீட்டினேன். அவர் ஒரு கையை மாட்டிக் கயிற்றை மாற்றி மறு கையை மாட்டினார். அது அப்பாவின் பள்ளிக்கூடச் சட்டை, பையில் சிவப்புப் பேனாவோடு.

கல்லறைத் தோட்டத்தில் பாண்டு நின்றது, குதிரையும் நின்றது. ஜெபம் முடியும்வரை அப்படி ஒரு பக்தி. போதகர் மண்ணுக்கு மண் என்று ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்ட நேரத்தில் குதிரையும் தன் பங்குக்குப் பின்னால் கொஞ்சம் போட்டது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் இறந்தவரின் மூத்த மகன் நேரே அவரிடம் வந்தார். வாங்கிக்கட்டப் போகிறார் என்று நினைத்தேன். அந்த மனிதர் சித்தப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

“எனக்க அப்பாவ ராஜா மாதிரி அனுப்பி வச்சிட்டியே. சொல்லாமக் கொள்ளாம வந்து செஞ்சியே. இத மறக்கமாட்டேன்.”

சாருக்கு நான் செய்யாமல் யார் செய்வார் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். சார் அவரை இரண்டு வருஷம் ஃபெயிலாக்கினவர்.

பாண்டு செட் வேனில் ஏறிப் போனது. கூட்டம் கலைந்தது. குதிரை மட்டும் கல்லறைகளுக்கு நடுவே நின்றது. இழுத்தோம், தள்ளினோம், பழைய கதைதான். மேகம் கட்டிக்கொண்டு மழை வேறு வரப் பார்த்தது. அப்போது வந்தாள் அத்தை, முக்காடும் சருவமுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு. வீங்கின காலோடு பிள்ளையை இவ்வளவு தூரம் நடத்திவிட்டாயே பாவி என்று சித்தப்பாவை ஏசினாள். பிறகு குதிரையைத் தின்னக் கூப்பிடுவதற்காகக் கரண்டியால் சருவத்தில் டங் டங் என்று தட்டினாள்.

குதிரை ஒரு அடி எடுத்து வைத்தது.

அத்தை தட்டுவதை நிறுத்தினாள், குதிரை நின்றது. மறுபடி தட்டினாள், நடந்தது. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு லாரிப் பலகையில் தாளம் போட்ட அந்த ஆளின் கை ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அது கல்யாணக் குதிரை, கொட்டுச் சத்தம் கேட்டால் மட்டும் நடக்கப் பழகினது. நாங்கள் கேரட் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

“அக்கா, நிறுத்தாதீங்க” என்றார் சித்தப்பா.

முன்னால் அத்தை சருவத்தைத் தட்டிக்கொண்டு, நடுவில் குதிரை, பின்னால் கயிற்றோடு சித்தப்பா, அவருக்குப் பின்னால் அவிழ்ந்த வேட்டிகளைச் சுருட்டிக்கொண்டு நான். கடைவீதி வழியாக அப்படித்தான் வீட்டுக்கு வந்தோம். சபையில் ஸ்திரீகள் கூட்டத்துத் தலைவி அத்தை. வழியில் யாரும் சிரிக்கவில்லை, அவளைப் பார்த்துச் சிரிக்க அந்த ஊரில் தைரியமுள்ளவர் இல்லை. நான் மட்டும் வேட்டியில் முகத்தைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தால், குதிரையின் கால் கால் மாதிரி இருந்தது. முழுதும் வற்றவில்லை. ஆனால் எலும்பு தெரிந்தது, நரம்பு தெரிந்தது. சித்தப்பா காலடியில் குந்தி உட்கார்ந்து விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை. “மக்கா, அந்த ராட்டினம்” என்றார். குதிரையை நின்றே கிடக்க விடாமல் நடத்துவதற்கான ராட்டினம் அது. அத்தனை வருஷம் தினமும் கண்ணெதிரே சுற்றியிருக்கிறது.

அத்தை வந்து பார்த்தாள். களி பிடித்துவிட்டது, நான் அப்போதே சொன்னேன் என்றாள். அப்போதுதான் பின்னால் ஆள் நிழல் தெரிந்தது. திரும்பினால் சித்தி. கட்டிலை விட்டு, அறையை விட்டு, முற்றத்தைத் தாண்டி வந்து நிற்கிறாள். நாற்பத்தொன்று ஆகப் பாதி நாள்கூடக் கழியவில்லை. அத்தைக்குக் கண் பிதுங்கியது. சித்தி சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அவள் கால்களும் குதிரைக்கு இருந்த மாதிரியே இருந்தன, மேலும் கீழும் ஒரே பருமனாக.

“மயினி, ஆஸ்பத்திரியில என்னையும் பைய பைய நடக்கத்தான் சொன்னாவ. குதிரைக்கு உள்ள நியாயம் எனக்கும் கிடைக்குமா?”

அத்தை குதிரையின் காலைப் பார்த்தாள், சித்தியின் காலைப் பார்த்தாள். பிறகு சருவத்தை எடுத்து வரச் சொன்னாள். அன்று முதல் காலையும் மாலையும் எங்கள் முற்றத்தில் நடை. முன்னால் தாளம், நடுவில் குதிரை, கடைசியில் தலையில் துணி சுற்றிய சித்தி. கொள்ளு குறைந்தது, களி நின்றது, வைக்கோலும் புல்லும் பச்சைத் தண்ணீரும் வந்தன. குழந்தையை அம்மா வைத்துக்கொள்வாள். தாளம் போடுகிற வேலையை மூத்தவள் கேட்டு வாங்கிக்கொண்டாள், அவள் தட்டினால்கூடக் குதிரை நடந்தது. தட்டிக்கொண்டே பின்னோக்கி நடப்பாள், விழப்போகும்போது சித்தப்பா பிடித்துக்கொள்வார். முதலில் கையை உதறினாள், அப்புறம் உதறவில்லை.

ராலி அன்று ரோட்டோரம் தலையாக இருந்தது. சித்தப்பா தெர்மாகோல் கிரீடமும் பஞ்சு தாடியுமாகக் குதிரைமேல். மற்ற இரண்டு ராஜாக்கள் ஜீப்பில். வாலிபர்கள் அந்த வருஷம் நாகரிகமாக இருக்கட்டும் என்று டிரம்மை விட்டுவிட்டு லாரியில் கீபோர்டு வைத்திருந்தார்கள். கீபோர்டு வாசித்தது, முன்னால் தூக்கிப் போன காகித நட்சத்திரம் நகர்ந்தது, ஜீப் நகர்ந்தது, குதிரை நின்றது. தாடிக்குள் சித்தப்பாவின் வாய் ஜெபம் செய்வது எனக்குத் தெரிந்தது. கூட்டத்தில் எங்கேயோ ஒருவர் விசில் அடித்தார். சித்தப்பா போய்விடுவார், மூத்தவள் மறுபடியும் போனைத் தூங்க வைப்பாள் என்று நினைத்தேன்.

ஸ்திரீகள் வரிசையில் பட்டுச்சேலை கட்டி முன்னால் நின்ற அத்தை, தோளில் மாட்டியிருந்த துணிப்பையைத் திறந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்திருக்கிறாள். சருவமும் கரண்டியும் வெளியே வந்தன. போதகர் முன்னால், நட்சத்திரத்தின் பின்னால், மொத்தச் சபையும் பார்க்க, டங் டங் என்று தட்டிக்கொண்டு அவள் நடுரோட்டில் இறங்கினாள். குதிரை தலையைத் தூக்கியது. அருமனை சந்திப்பு வரை அத்தை ஒரு தப்புத் தாளம் போடவில்லை. அன்று இரவு அவள் காலும் வீங்கிப்போனது, அது வேறு கதை.

தொழில் ஓடியதா என்றால் ஓடியது. ஆனால் கல்யாணத்துக்கு ஒருத்தன்கூடக் கேட்டு வரவில்லை. ராலி முடிந்த மறுநாள் ஒரு பெரியவர் வந்து, ஒரு வேளை நான் போனால் சாருக்கு வந்த மாதிரி எனக்கும் வருமா என்று கேட்டார். அதற்கடுத்த வாரம் மேல்புறம் என்ற ஊரிலிருந்து நிஜமாகவே கூப்பிட்டார்கள். குதிரை சாவுக்குத்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சித்தப்பா முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். “சாவுக்கு விசா வேண்டாம் பாத்தியா” என்றாள் அத்தை. எங்கள் பக்கத்தில் சாவுக்குக் குறைவில்லை, குவைத்திலும் துபாயிலும் மகன்கள் இருக்கும் வரை பாண்டு செட்டுக்கும் குறைவில்லை. குதிரைக்கு நல்ல நடை கிடைத்தது. பிறகு ஒரு நாளும் அதன் கால் வீங்கவில்லை.

அளியன் போட்டு வைத்த டிக்கெட்டின் நாள் வந்தது. காலையில் சித்தப்பா அப்பாவின் பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குதிரைக்குத் தலைக்கயிறு மாட்டி, பனியில் நடத்தப் போய்விட்டார். சவுதிப் பெட்டியில் கொள்ளு கொட்டி வைத்திருந்தது. நான் முன்னறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மூத்தவள் ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். துணியை விலக்கி எடுத்துக் காதில் வைத்தாள். அளியன் சத்தமாகப் பேசுவார், அப்பாவைக் கூப்பிடு, கிளம்பிவிட்டாரா என்று கேட்டது எனக்கே கேட்டது.

“அப்பா இதுக்குள்ள இல்ல, மாமா” என்றாள் அவள். “குதிரய நடத்தப் போயிருக்காவ.”

போனை வைத்தாள். துணியைப் போர்த்தாமல், சருவத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.